தீப்புண்ணுக்கு மீன் தோல்

மீனைக் குழம்பிலிட்டு உண்போர் அதன் தோலைத் தனியே ஒரு பொருளாக எண்ணுவதில்லை. பிரேஸில் தேசத்திலோ, நம் ஏரிகளிலும் காணப்படும் ஜிலேபிக் கெண்டையின் இனமாகிய நைல் திலேப்பியாவின் தோல், தீப்புண்ணுக்குக் கட்டாகப் பயன்பட்டிருக்கிறது. விறகடுப்பும் கூரை வீடும் இன்னும் உள்ள குயிலாப்பாளையம் முதலிய கிராமத்தார், இதன் பயனையும் எல்லையையும் அறிந்திருத்தல் நலம்.

இத்தோலில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மிகுதி. அது புண்ணின்மேல் நன்கு ஒட்டிக்கொண்டு ஈரம் வற்றாமலும், வெளிக்கிருமி புகாமலும் காக்கும். மருந்து தடவிய துணிக்கட்டை அடிக்கடி அவிழ்த்து மாற்றவேண்டும். அவ்வேளையில் நோயாளி படும் வேதனை பெரிது. மீன் தோலையோ, புண் ஆறும்வரை பல நாட்கள் எடுக்காமலே விட்டுவைக்கலாம். ஃபோர்த்தலேஸா நகரில் 115 பேரிடம் செய்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீக்ஷையில், வலியும் செலவும் குறைந்தன எனக் கண்டனர். ஆழமாக வெந்த புண்ணுக்கு இது போதாது. அதற்கு நோயாளியின் சொந்தத் தோலை எடுத்து ஒட்டவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பிரேஸிலில் பயன்படுவது குளத்திலிருந்து எடுத்த பச்சைத் தோலன்று. சதை நீக்கி, கிருமிநாசினியிலும் கிளிஸரினிலும் ஊறவைத்து, காமா கதிரால் சுத்தி செய்து, குளிரில் வைத்துக் காத்ததாகும். இவ்வேலை வீட்டில் இயலாது. பச்சைத் தோலிலுள்ள கிருமிகள் வெந்த புண்ணில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆகவே, தீப்பட்டவுடன் செய்யவேண்டியது யாதெனில்: எரியும் துணியை அணைத்து, புண்ணில் ஒட்டாத ஆடையையும், வளையல், மோதிரம் முதலியவற்றையும் கழற்றிவிட்டு, வெந்த இடத்தில் சுமார் 20 நிமிஷம் சுத்தமான குளிர்ந்த தண்ணீரை ஊற்றுக. பனிக்கட்டி வேண்டாம். மை, மாவு, எண்ணெய், பற்பசை எதையும் பூசலாகாது. கொப்புளத்தை உடைத்தலும் கூடாது. சுத்தமான துணியால் தளர மூடி, 108 வண்டியை அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

மீன் வளர்ப்போர் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஐஸ்லாந்திலும் காட் மீனின் தோலிலிருந்து புண்ணுக்கான கட்டுகள் தயாராகின்றன. கழிவாகப் போகும் தோலுக்கு மதிப்பு உண்டாவது, மீனைச் சுத்தமாக வளர்த்து, பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்கும் வழக்கத்திலிருந்தே தொடங்கும்.