சமமற்ற படைகள், சமமான ஆட்டம்

ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் 3, ஆடுகள் 15. ஆயினும் இரு பக்கத்தாருக்கும் வெல்ல வாய்ப்புண்டு. ஏன் தெரியுமா? புலி ஆட்டை வெட்ட வேண்டும். ஆடு புலியை அடைக்க வேண்டும். இலக்குகள் வேறு.

போர் விளையாட்டை அமைப்போரும் இம்முறையையே கையாளுகின்றனர். ஜப்பானின் கியூஷு தீவில் 1945 நவம்பர் 1 அன்று படையிறக்க அமெரிக்கா திட்டமிட்டது. ஆகஸ்டிலேயே ஜப்பான் பணிந்ததால் அப்போர் நடக்கவில்லை. இதை ஆட்டமாக்குவது எப்படி?

அமெரிக்கரிடம் கப்பலும் விமானமும் மிகுதி. ஜப்பானியருக்கு மலைப்பாங்கான நிலமும், உயிரைக் கொடுத்து மோதும் காமிகாசே விமானங்களும் துணை. படையிறங்க ஏற்ற கடற்கரைகளும் சிலவே; எனவே காத்திருக்க வேண்டிய இடமும் அவர்களுக்குத் தெரியும்.

காய்களைச் சமமாக்கினால் வரலாறு பொய்யாகிவிடும். ஆகவே வெற்றி விதியையே மாற்றுவர்: அமெரிக்கர் குறித்த நாட்களுக்குள், குறித்த இழப்புக்குள் தென் கியூஷுவைப் பிடிக்க வேண்டும், ஜப்பானியர் தாமதப்படுத்தினாலே போதும்.

பக்கம் மாற்றி 20 முறை ஆடிப் பாருங்கள். ஒரே பக்கம் 15 முறை வென்றால், நாட்களைக் கூட்டியோ குறைத்தோ திருத்த வேண்டும்.

ஒன்றை மறவாதீர்கள். கியூஷுவில் ஜப்பானியப் படை, அமெரிக்கரின் முதல் கணிப்பைவிட வெகுவாகப் பெருகியிருந்தது. சமனான ஆட்டம் நியாயமானது; ஆனால் நடக்காத போரின் முடிவை அது மெய்ப்பிக்காது.