பன்றி மூளையில் கிடைத்த மார்ஃபின்

வயிற்றுப்போக்கு நிற்காவிட்டால் மருந்துக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரை, மார்ஃபினுக்கு உறவுக்காரன். இரண்டும் ஓபியாய்டு வகை. குடலில் இரண்டும் போய் ஒட்டுவது ஒரே ஏற்பியில்தான். லோபரமைடு மூளைக்குள் நுழையப் பார்த்தால், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் அதை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால் உரிய அளவில் போட்டால் குடல் மட்டும் அடங்கும். வலி குறையாது, போதையும் ஏறாது.

வலியைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்பொன்று குடலை ஆராய்ந்தவரிடமிருந்து வந்ததும் குடலிலும் இந்த ஏற்பி இருப்பதால்தான். ஜெர்மனியிலிருந்து 1934இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வந்து சேர்ந்தவர் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ். கினிப் பன்றியின் சிறுகுடல் துண்டை உப்புக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார், குடல் சுருங்கும். கரைசலில் மார்ஃபின் சேர்த்தால் சுருக்கம் குறையும். மார்ஃபினை முறிக்கும் நலக்சோனைச் சேர்த்தால் பழையபடி சுருங்கும். ஒரு பொருள் மார்ஃபின் போல வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க அந்தக் குடல் துண்டே போதுமானதாக இருந்தது.

1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரீனியஸும் மூளையில் ஓபியாய்டு ஏற்பி இருப்பதைத் தனித்தனியே காட்டினார்கள். மார்ஃபின் தரும் கசகசாச் செடியின் பாலை எதிர்பார்த்து முதுகெலும்புள்ள விலங்குகளின் மூளை ஏற்பி வளர்த்து வைத்திருக்காது. அப்படியானால் உடம்பே தயாரிக்கும் ஏதோ ஒன்று அதற்கு இருக்க வேண்டும்.

அதைத் தேடி, கோஸ்டர்லிட்ஸின் இளம் சகா ஜான் ஹியூஸ் அதிகாலையில் சைக்கிளில் அபர்டீனின் இறைச்சிக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கி வருவார். அங்கிருந்தவர்களை விஸ்கி கொடுத்துச் சரிக்கட்டினார் என்றொரு கதையும் உண்டு. மூளையை அரைத்துப் பிரித்தெடுத்த சாற்றைச் சுண்டெலியின் விந்துக்குழாய்த் துண்டின் மீது விட்டார். மார்ஃபின் விட்டது போலவே சுருக்கம் குறைந்தது. நலக்சோன் விட்டதும் மீண்டது. 1975 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளிவந்தது. ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சிறு புரதத் துணுக்குகள். முதல் நான்கும் இரண்டிலும் ஒன்றுதான், கடைசி மட்டும் ஒன்றில் மெத்தியோனின், மற்றதில் லூசின். என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். கோஸ்டர்லிட்ஸுக்கு அப்போது வயது 72.

அடுத்த ஆண்டு எண்டார்ஃபின், 1979இல் டைனார்ஃபின் என்று குடும்பம் பெருகியது. எல்லாமே இன்பம் தருபவை என்று நினைத்துவிடக் கூடாது. டைனார்ஃபின் பிடிக்கும் கப்பா ஏற்பி தூண்டப்பட்டால் வலி குறையலாம். கூடவே மனம் கசந்துபோகும். எண்டார்ஃபினை ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்று எழுதும் வாரப் பத்திரிகைகள் இந்தத் தம்பியைக் கண்டுகொள்வதில்லை.

சரி, இவை வலியை எப்படிக் குறைக்கின்றன? காலில் முள் குத்தினால் செய்தி நேராக மூளைக்குப் போவதில்லை. தண்டுவடத்தின் பின்பகுதியில் ஒரு நரம்பணுவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது. முதல் நரம்பின் நுனிக்குள் கால்சியம் நுழைந்தால்தான் குளூட்டமேட், ‘சப்ஸ்டன்ஸ் பி’ போன்ற வேதிப்பொருள்கள் வெளியே கொட்டும். ஓபியாய்டு அந்தக் கால்சியம் வழியை அடைக்கிறது. எதிரே இருக்கும் நரம்பணுவிலோ பொட்டாசியம் வழியைத் திறக்கிறது. நேர்மின்னூட்டம் வெளியேற, அந்த அணுவைத் தூண்டுவது கடினமாகிறது. ஆக, தருபவரும் பெறுபவரும் ஒரே நேரத்தில் மந்தமாகிறார்கள். முள் அங்கேயேதான் இருக்கிறது.

எனக்கு இதைவிடச் சுவையாகப் படுவது மூளையிலிருந்து கீழ்நோக்கி வரும் பாதை. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ், எலிகளின் நடுமூளையில் ஒரு சாம்பல்நிறப் பகுதியை மின்சாரத்தால் தூண்டிக்கொண்டே, மயக்க மருந்தின்றி வயிற்றில் அறுவை செய்தார். எலிகள் விழித்தே இருந்தன, வலிக்குத் துடிக்கவில்லை. அங்கிருந்து முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புகளை, சாதாரண நேரத்தில் வேறு சில அணுக்கள் அடக்கி வைத்திருக்கின்றன. ஓபியாய்டு அந்த அடக்குபவர்களை அடக்குகிறது. ஒருவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பவனைத் தட்டிவிட்டு அவனை வேலை பார்க்க விடுவது போல.

இந்தப் பாதையை இயக்க ஊசி மருந்துதான் வேண்டும் என்றில்லை. 1978இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்டு ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தே இல்லாத போலி ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு நலக்சோன் கொடுத்தபோது, அப்படிக் குறைந்தவர்களுக்கு வலி திரும்பவும் கூடியது. மருந்து கிடைத்துவிட்டது என்ற எதிர்பார்ப்பே உடம்பின் சொந்த ஓபியாய்டைச் சுரக்க வைத்திருக்கிறது. கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, அதை ஒரு முறிமருந்தால் நிறுத்தவும் முடிந்தது. போலி மருந்தின் பலன் முழுவதும் இந்த வழியில்தான் வருகிறது என்று சொல்ல முடியாது; நலக்சோனுக்கு அசையாத வகையும் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

உடம்பிலேயே இருக்கும் சரக்கு என்றால் வெளியிலிருந்து வருவது ஏன் ஆளைக் கொல்கிறது? என்கெஃபலின் தேவையான இடத்தில் சொட்டளவு சுரந்து, நொதிகளால் சீக்கிரமே சிதைந்துவிடும். மார்ஃபின் ரத்தத்தில் ஏறி, தான் ஒட்டும் மியூ ஏற்பி உள்ள எல்லா இடத்துக்கும் போய் மணிக்கணக்கில் தங்குகிறது. தண்டுவடத்தில் வலியைத் தடுக்கும் அதே ஏற்பி, மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை அமைக்கும் அணுக்களிலும் இருக்கிறது. அளவு மீறினால் மூச்சு நின்றுபோவது அதனால்தான். நாள்பட நாள்பட ஏற்பிகள் மந்தமாக, அதே வலிக்குக் கூடுதல் அளவு கேட்கிறது.

மூச்சைத் தொடாமல் வலியை மட்டும் தடுக்கும் ஓபியாய்டைச் செய்ய ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக முயல்கின்றன. முழு வெற்றி யாருக்கும் கிட்டவில்லை. வேறு சிலர் இந்த ஏற்பியையே விட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் என்ற வலி மருந்து ஓபியாய்டு அல்ல. வலிச்செய்தி புறப்படும் புற நரம்பிலேயே ஒரு சோடியம் வழியை அடைக்கிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலியில் போலி மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாரசிட்டமாலும் சேர்ந்த பழைய மாத்திரையை அது முந்தவில்லை.