வேகவைக்காத அணிச்சலும் கடற்பாசியின் கதையும்

அறிவியல் என்பது பள்ளிக்கூடத்துச் சுவர்களுக்குள் மட்டுமே இருப்பதன்று. நம் இல்லத்து அடுக்களையிலும் அது நாள்தோறும் நிகழ்கின்றது. பால் தயிராவதும், அரைத்த மாவு புளித்துப் பொங்குவதும், தாளித்த கடுகு வெடிப்பதும் அறிவியலே. ஆயினும் சமையலை ஓர் அறிவென மதிக்கும் வழக்கம் நம்மிடையே குறைவு. அக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்குடன், எளிய அணிச்சல் ஒன்றைச் செய்யும் முறையையும் அதனுள் அடங்கிய உண்மைகளையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஈண்டு விளக்க விழைகின்றோம்.

அணிச்சல் என்றதும் முட்டையும் மாவும் ஓவன் என்னும் சூட்டடுப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. ‘சீஸ் கேக்’ எனப்படும் பாலாடைக்கட்டி அணிச்சலில் ஒரு வகைக்கு இவற்றுள் எதுவும் வேண்டுவதில்லை. தேநீர் காய்ச்சும் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் இருந்தால் போதும். ஆகவே, தோட்டத்து வீடுகளிலும் இதனை எளிதில் செய்யலாம்.

இதற்குச் சுவையூட்டத் தேயிலையையும் ஸ்ட்ராபெர்ரிப் பழத்தையும் தேர்ந்துகொண்டோம். இவ்விரண்டும் நம் நாட்டில் ஒரே மலையில் விளைகின்றன. பகாங் மாநிலத்திலுள்ள அம்மலைக்கு, 1885ஆம் ஆண்டில் அப்பகுதியை ஆய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே வழங்கி வருகின்றது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் அங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழ்ப் பாட்டாளிகளின் பங்கு பெரிது.

தேவையான பொருள்கள்

மேரி பிஸ்கட்டு 150 கிராம். உருக்கிய வெண்ணெய் 75 கிராம். ‘கிரீம் சீஸ்’ என விற்கப்படும் மென்மையான பாலாடைக்கட்டி 250 கிராம். கிரீம் எனும் கெட்டிப் பாலேடு 200 மில்லிலீட்டர். சீனி 80 கிராம். தேயிலை 8 கிராம், அதாவது ஏறத்தாழ 3 தேக்கரண்டி. தண்ணீர் 250 மில்லிலீட்டர். அகர் அகர்த் தூள் 4 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. ஸ்ட்ராபெர்ரி 200 கிராம். அதன்மேல் தூவ 2 மேசைக்கரண்டிச் சீனி.

செய்முறை

1. பாலாடைக்கட்டியையும் பாலேட்டையும் ஒரு மணி நேரத்திற்கு முன்பே குளிர்பதனப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திடுக.

2. பிஸ்கட்டைப் பொடித்து, வெண்ணெயுடன் பிசறி, 18 செண்டிமீட்டர் அகலமுள்ள தட்டையான பாத்திரத்தில் பரப்புக. கிண்ணத்தின் அடிப்பகுதியால் நன்கு அழுத்திக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திடுக.

3. கொதித்த நீரில் தேயிலையை இட்டு மூடி, 4 நிமிடங்களுக்குப் பின் வடிகட்டி ஆறவிடுக.

4. ஆறிய தேநீரில் அகர் அகர்த் தூளைத் தூவிக் கலக்கி, சீனியும் சேர்த்து அடுப்பிலேற்றுக. கொதி வந்த பின்னும் 2 நிமிடங்கள் விடாது துழாவுக. அடுப்பு வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

5. பாலாடைக்கட்டியைக் கட்டியின்றிக் குழைத்துப் பாலேட்டைச் சேர்த்திடுக. சூடான தேநீர்க் கலவையை அதில் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே வேகமாகக் கலக்குக. உடனே பிஸ்கட்டு அடித்தளத்தின்மேல் ஊற்றி, 3 மணி நேரம் குளிரவிடுக.

6. பழங்களைக் கழுவி நறுக்கிச் சீனி தூவி அரை மணி நேரம் வைத்திடுக. பரிமாறும் வேளையில் அணிச்சலின்மேல் அவற்றைப் பரப்புக.

காரணம் அறிதல்

செய்முறையை மனனம் செய்தால் ஒரு பண்டத்தையே செய்யலாம். காரணத்தை அறிந்தால் பல பண்டங்களைச் செய்யலாம். ஆகவே, ஒவ்வொன்றாகக் காண்போம்.

தேயிலையை 4 நிமிடங்களுக்கு மேல் ஊறவிடலாகாது என்பது ஏன்? நறுமணம் முதலில் இறங்கிவிடுகின்றது. நேரம் செல்லச் செல்லத் துவர்ப்பும் கசப்பும் மிகுதியாக இறங்குகின்றன. சுவை மிகுதியாக வேண்டுமெனில் தேயிலையைக் கூட்டுக, நேரத்தைக் கூட்டற்க. தூள் தேயிலையாயின் 3 நிமிடங்களே போதும். ஒரு கிலோ தேயிலை பெற ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் இடும் 8 கிராமுக்குப் பின்னே 32 முதல் 40 கிராம் வரையிலான கொழுந்தும், அதனைச் சேர்த்த கைகளும் உள்ளன என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

பழத்தில் சீனி தூவியதும் சாறு ஊறுவது ஏன்? அது சவ்வூடு பரவல். வெளியிலுள்ள சீனி, பழத்தின் உயிரணுக்களிலுள்ள நீரை வெளியே ஈர்க்கின்றது. ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காயில் நீர் விடுவதும் இவ்வாறே. ஸ்ட்ராபெர்ரியின் மேலுள்ள சிறு புள்ளிகளை விதைகள் என்கிறோம். உண்மையில் அப்புள்ளி ஒவ்வொன்றும் விதையைத் தன்னுள் கொண்ட ஒரு கனியாகும். நாம் உண்ணும் சிவந்த சதை பூவின் அடித்தளம் பருத்து உருவானது.

இனி, தீயில் வேகாத இவ்வணிச்சல் இறுகுவது எங்ஙனம்? இதுவே தலையாய வினா. பல நாடுகளில் இதற்கு ஜெலட்டின் சேர்ப்பர். அது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. உடல் வெப்பமளவு சூட்டிலேயே உருகிவிடும். அகர் அகரோ செந்நிறக் கடற்பாசியிலிருந்து கிடைப்பது. நன்கு கொதித்தால்தான் கரையும். 32 முதல் 40 பாகை செல்சியசில் இறுகும். இறுகிய பின்னர் ஏறத்தாழ 85 பாகை வரை உருகாது. பாலாடைக்கட்டி குளிர்ந்திருந்தால், சூடான கலவை பட்டவுடனே அங்கங்கே இறுகித் திரிதிரியாகிவிடும். அதனை முன்பே வெளியில் எடுத்து வைக்கச் சொன்னதன் காரணம் இதுவே. மேலும், புளிப்புள்ள பழத்தை அகர் அகருடன் சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதன் இறுகும் ஆற்றல் குன்றும். ஆகவேதான் பழத்தை இறுதியில் சேர்க்கின்றோம்.

ஓர் அடுக்களை அறிவு உலகுக்கு உதவிய வரலாறு

‘அகர் அகர்’ என்பது மலாய்ச் சொல். அச்சொல் உலக அறிவியல் நூல்களில் எல்லாம் இடம் பெற்ற வரலாறு அறியத் தக்கது.

ஜெர்மனியில் இராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை ஜெலட்டின்மேல் வளர்த்து வந்தனர். வெப்பம் ஏறியதும் ஜெலட்டின் உருகியது; சில நுண்ணுயிர்களோ அதனையே கரைத்து நீராக்கின. அங்குப் பணியாற்றிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸே இதனால் பெரிதும் இடருற்றார். அவர்தம் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வெயில் காலத்திலும் உருகாத இனிப்புப் பண்டங்களை வீட்டில் அகர் அகரால் செய்து வந்தவர். ஜாவாவில் வாழ்ந்திருந்த ஒரு டச்சுக்காரர் வாயிலாக அம்முறை அவருக்குத் தெரிந்திருந்தது. 1881இல், ஜெலட்டினுக்கு மாற்றாக அகர் அகரைப் பயன்படுத்துமாறு அவ்வம்மையார் கூறினார். அம்முறை வெற்றி கண்டது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் காக் அகர் அகரைக் குறிப்பிட்டார். ஆனால், அதனைச் சொல்லித் தந்த அம்மையாரின் பெயரைக் குறிப்பிட்டாரல்லர். இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்களை அகர் அகரின்மேல்தான் வளர்க்கின்றனர்.

நம் வட்டாரத்துக் கடலோர மக்களின் சமையலறிவு, ஒரு பெண்ணின் அடுக்களை வழியே அறிவியலுக்குச் சென்ற வரலாறு இது. பெயர் எழுதப்படாத காரணத்தால் அறிவு அறிவன்று என ஆகிவிடாது. தேயிலைப் பெட்டியின்மேல் கொழுந்து சேர்த்தவரின் பெயர் இல்லை; எனினும் அவர் உழைப்பின்றித் தேநீர் இல்லை.

யாவரும் உண்ண

நம் பள்ளி விழாக்களில் சைவ உணவினரும், மாட்டிறைச்சி உண்ணாதாரும், இசுலாமிய அன்பர்களும் ஒரே மேசையில் அமர்கின்றனர். ஜெலட்டின் சேர்த்த பண்டத்தை இவர்களுள் சிலர் உண்ண இயலாது. அகர் அகர் அத்தடையை நீக்குகின்றது. எனினும், சில பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் சேர்க்கப்படுவதுண்டு. ஆதலின் பாலாடைக்கட்டி, பிஸ்கட்டு ஆகியவற்றின் உறையில் அச்சிட்டுள்ளதைப் படித்துப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இறுகிவிட்டது என்பதற்காக இவ்வணிச்சலை வெளியிலேயே வைத்துவிடலாகாது. பாற்பண்டம் வெப்பத்தில் விரைவில் கெடும். 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைக்காமலும், 3 நாள்களுக்குள் உண்டு முடிக்குமாறும் பார்த்துக்கொள்க.

மாணவச் செல்வங்களே! ஆண், பெண் என்ற வேறுபாடின்றி அனைவரும் அடுக்களைக்குள் சென்று பழகுங்கள். தாயாரும் பாட்டியாரும் செய்யும் ஒவ்வொன்றையும் உற்று நோக்கி, “இஃது ஏன் இவ்வாறு?” எனப் பணிவுடன் வினவுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் வினவுங்கால் சலிப்படையாது விடை கூறுங்கள். விடை தெரியாத வினாவாயின் அதனைப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். நாம் அனைவரும் சேர்ந்தே அதற்கு விடை காண்போம்.