அப்பாவின் ரிவால்வர் பிள்ளைக்கு வருமா?

ஊரில் அப்பா காலமாகிறார். நிலம், நகை, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். பீரோவில் உரிமத்தோடு இருந்த .32 ரிவால்வரை என்ன செய்வது? மூத்தவர் சிங்கப்பூரில், இளையவர் பெங்களூரில், அக்கா அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவருக்கும் மூன்று விதமான பதில்.

சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா?

கூடாது. தற்காப்புக்கென்றோ அப்பாவின் நினைவாகவென்றோ இங்கே வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள நடைமுறையில் வழியில்லை. குறிபார்த்துச் சுடும் விளையாட்டாளர்கள் சங்கத்தின் வழியாக உரிமம் பெறுகிறார்கள். அவர்களுடைய துப்பாக்கியும் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும். தேக்காவில் யாருடைய இடுப்பிலாவது துப்பாக்கி தெரிந்தால், அவர் காவல் அதிகாரியாகவோ துணைக் காவல்படையினராகவோதான் இருப்பார்.

1970களின் தொடக்கத்தில் துப்பாக்கிக் கொள்ளைகள் நகரை மிரட்டின. 1973இல் ஆயுதக் குற்றச் சட்டம் வந்தது. அதன்படி, அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஆயுதம் கடத்தினால் ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை. இரண்டுக்கு மேல் வைத்திருந்தாலே கடத்தலுக்காக என்று சட்டம் அனுமானிக்கும். காயப்படுத்தும் நோக்கில் சுட்டால், யார் மீதும் குண்டு படாவிட்டாலும் மரண தண்டனைதான். 2006 பிப்ரவரியில் சிராங்கூன் அவென்யூ 4இல் ஒருவரைச் சுட்டுக் கொன்ற, ‘ஒற்றைக்கண் டிராகன்’ என்ற பட்டப்பெயர் கொண்டவர் இந்தச் சட்டத்தின்கீழ்தான் 2009 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார்.

ஊரிலிருந்து வருவோர் பெட்டியைக் கட்டும்போதே கவனிக்க வேண்டும். துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டர் இங்கே தடைசெய்யப்பட்ட பொருள். அசலைப் போன்ற பொம்மைத் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் கேட்கும் பொட்டுத் துப்பாக்கியை ஊரிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

பெங்களூர் தம்பிக்குப் போகுமா?

போகும், ஆனால் தானாகப் போகாது. இந்திய ஆயுதச் சட்டம் 1959இன்படி உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. உரிமதாரர் இறந்ததும் குடும்பத்தார் தாமதமின்றித் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். தம்பி தன் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை விசாரணையும் உண்டு. உரிமத்தை மாவட்டங்களில் ஆட்சியரும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரும் வழங்குகிறார்கள். உரிமத்தில் குறித்துள்ள எல்லையைத் தாண்டித் துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்பதால், மாநிலம் விட்டு மாநிலம் போகும்போது அதையும் பார்க்க வேண்டும்.

அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ வாரிசுக்கு உரிமம் கோரலாம். வேறு யாருக்காவது விற்பதானால் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரிடமும் உரிமம் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

அமெரிக்காவில் எப்படி?

அந்த நாட்டுக்குள்ளேயே, வேறு மாநிலத்தில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கைத்துப்பாக்கியை நேரடியாகக் கொடுத்துவிட முடியாது. 1968ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி, பெறுபவரின் மாநிலத்தில் உள்ள உரிமம் பெற்ற வியாபாரி மூலமாகவே கைமாற வேண்டும். அவர் பின்னணிச் சோதனை நடத்துவார். உயில் வழியாகவோ வாரிசுரிமையாகவோ வருவதற்கு மட்டும் விலக்கு உண்டு. மாநிலச் சட்டங்கள் அதற்கு மேலும் நிபந்தனை போடலாம். ஆனால் இந்த விலக்கு அமெரிக்க மாநிலங்களுக்கு இடையில்தான். ஊரில் இருக்கும் ரிவால்வரை அக்காவிடம் அது கொண்டுசேர்க்காது.

என்ன செய்யலாம்?

பெரியவருக்கு 70 வயதானதும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இந்தியாவில் இருக்கும் பிள்ளை உரிமத்துக்கு விண்ணப்பிக்கட்டும். வேண்டாம் என்றால் முறைப்படி வியாபாரியிடம் விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர் ஞாபகத்துக்கென்று ஒரு தோட்டாவைக்கூடப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.