நான்கு சக்கரம், ஒரு கட்டை விரல்

மாயாபந்தரில் முதல் க்வாட் பைக் வாங்க ஆசைப்படுபவர் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும்

கோவாவிலோ மணாலியிலோ காசு கொடுத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்த சுற்றுலாப் பயணிக்கு க்வாட் பைக் ஒரு பெரிய பொம்மை. மத்திய அந்தமானின் வடகோடியில் இருக்கும் மாயாபந்தர்வாசிக்கு அது வேறு விஷயம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. சரிவில் பாக்கும் தென்னையும். ஜீப் நுழையாத பாதையில் உர மூட்டையைத் தோளில் சுமந்தவருக்கு, நான்கு கொழுத்த டயர்களோடு ஒரு வண்டியைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆசை வந்ததும் முதலில் கேட்கப்படுவது, "எத்தனை சி.சி.?" கேட்க வேண்டியதோ, "எங்கே ஓட்டப் போகிறோம்?"

ஏனென்றால் ஓட்டக்கூடிய இடம் குறைவு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக்கூடாது. பொது இடம் என்பது தார் ரோடு மட்டுமல்ல; பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் அதில் அடங்கும். 'கடற்கரையில்தானே ஓட்டுகிறேன்' என்ற சமாதானம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. இந்தியாவில் விற்கப்படும் க்வாட் பைக்குகளில் பெரும்பாலானவை பதிவுக்குரிய அங்கீகாரம் இல்லாதவை. விதிவிலக்காக, அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாடலை 'டிராக்டர்' என்ற வகையில் அங்கீகாரம் வாங்கி இங்கே கொண்டுவந்தது. பஜாஜின் க்யூட் போன்ற 'குவாட்ரிசைக்கிள்' வேறு ஜாதி. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். விற்பவர் "ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் ஆயிடும் சார்" என்றால், அதைப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. பதிவில்லாத வண்டிக்குச் சொந்தத் தோட்டம்தான் எல்லை.

கடற்கரையை விட்டுவிட இன்னொரு காரணமும் உண்டு. மாயாபந்தரை ஒட்டிய கர்மாடாங் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருகின்றன. கடல் ஆமைகள் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. க்வாட் டயர் மென்மையானது, மணலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் உண்டு. மணல் இறுகினால் குஞ்சு மேலே வர முடியாது. வந்தாலும் டயர் தடத்துப் பள்ளத்தில் விழுந்து, ஏற வழி தெரியாமல், கடலுக்குப் போவதற்குள் நண்டுக்கோ பறவைக்கோ இரையாகும்.

சரி, சொந்த நிலம் இருக்கிறது. வண்டிக்கு வருவோம்.

ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு க்வாட் எளிது என்ற நம்பிக்கைதான் முதல் ஆபத்து. நான்கு சக்கரம் இருப்பதால் விழாது என்று தோன்றும். வண்டி சாயும்போது ஸ்கூட்டர் பழக்கத்தில் கால் தானாகத் தரையை ஊன்றப் போகும். பின்சக்கரம் அதன்மேல் ஏறும். ஆக்ஸிலேட்டரும் முறுக்குவது அல்ல, வலது கட்டை விரலால் அழுத்துவது. பள்ளத்தில் உடம்பு குலுங்கினால் விரலும் சேர்ந்து அழுத்தும். பயத்தில் வேகம் கூடும். அதனால் புதியவருக்குத் தேவையான முதல் அம்சம் குதிரைசக்தி அல்ல. விரல் அழுத்தும் அளவைக் கட்டுப்படுத்தும் திருகாணியும், ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு-சாவியும்தான்.

மலிவான 110, 125 சி.சி. வண்டிகளிலும் ரேஸ் ரக வண்டிகளிலும் பின் அச்சு ஒரே தண்டு. காரில் இருப்பதுபோல் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்; ஓட்டுபவர் உடம்பை உள்பக்கம் நகர்த்தி எடையை மாற்ற வேண்டும். சீட் நீளமாக இருப்பது இதற்காகத்தான். பின்னால் மனைவியையோ மகனையோ ஏற்றிக்கொள்ள அல்ல. ஓர் ஆள் வண்டியில் இரண்டாவது ஆள் ஏறினால், முதல் ஆள் நகர இடமில்லை. சரிவில் வண்டி கவிழ அது போதும்.

இதெல்லாம் ரத்தம் சிந்திக் கற்ற பாடங்கள். மூன்று சக்கர ஏ.டி.வி.க்கள் அமெரிக்காவில் ஏராளமானோரைக் கவிழ்த்ததால், 1988ல் அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டில் அவற்றின் விற்பனை நின்றது. நான்கு சக்கரமும் முழுத் தீர்வாகவில்லை. ஆஸ்திரேலியப் பண்ணைகளில் பல விவசாயிகள் கவிழ்ந்த வண்டியின் அடியில் சிக்கி இறந்தார்கள். 2021 அக்டோபர் முதல் அங்கே பண்ணை வேலைக்கான புதிய வண்டிகளில், ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பாதுகாப்பு வளைவு கட்டாயம். அதை ஏற்க மனமில்லாமல் ஹோண்டாவும் யமஹாவும் அங்கே இந்த வியாபாரத்தையே கைவிட்டன. நம் ஊரில் அப்படிக் கட்டாயம் எதுவுமில்லை; கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

மாயாபந்தரின் நிலத்துக்கு என்ன பொருந்தும்? என் கணிப்பில், வேலைக்கான ரக வண்டி, நடுத்தர எஞ்சின், ஆட்டோமேடிக் கியர், ரிவர்ஸ். செயினை விட, மூடிய ஷாஃப்ட் மூலம் சக்கரத்தைச் சுழற்றும் வண்டி மேல். மணலும் உப்புக் காற்றும் செயினைத் தின்றுவிடும். ஆட்டோமேடிக் வண்டியில் ஒரு பெல்ட் இருக்கிறது. அதன் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கி, ஓடை நடுவிலேயே வண்டி நிற்கும். காற்றுக் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கடையிலேயே குனிந்து பாருங்கள். நான்கு சக்கர இழுவை சேற்றில் உதவும். ஆனால் எடையும் கூட்டும். வேலை ரக வண்டி 300 கிலோவைத் தொடக்கூடும். தனியாளாகத் தோட்டத்தில் இருக்கும்போது அது மேலே விழுந்தால் யார் தூக்குவது?

அடுத்தது உதிரி பாகம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து, 2024ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கி, ஜாரவா காப்புக்காடு வழியாகக் கான்வாயில் சுமார் 240 கிலோமீட்டர் வந்து சேர வேண்டும். மூவாயிரம் ரூபாய் பெல்ட்டுக்காக லட்ச ரூபாய் வண்டி தார்ப்பாயின் கீழ் மாதக் கணக்கில் தூங்கலாம். வண்டியோடு பெல்ட், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், பிளக் ஆகியவற்றில் இரண்டிரண்டு செட் வாங்குவது ஆடம்பரமில்லை.

வாங்கும் நாளில் வண்டி மேல் உட்கார்ந்து ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். வெளிப்பக்கக் கை முழங்கை மடியாமல் விறைத்து நீண்டால், வண்டி உங்களுக்குப் பெரிது. எழுந்து நின்றால் சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவே சில அங்குலமாவது இடைவெளி வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம்: பெரியவர்கள் வண்டி 16 வயதுக்குக் கீழ் கூடாது என்று அதைத் தயாரிப்பவர்களே வண்டியில் எழுதி ஒட்டுகிறார்கள். பல வீடுகளில் அந்த ஸ்டிக்கர்தான் முதலில் உரிகிறது.