பதினைந்து வயதுத் தவறு ஆயுள் முத்திரையா?

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது நடந்தது இது. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பு மாணவனின் விலையில்லா மிதிவண்டியை எடுத்து விற்றுவிட்டான். ‘இவன் திருந்தமாட்டான்’ என்பதே ஆசிரியர் அறையின் முடிவு. மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். நானும் மறுத்துப் பேசவில்லை.

சென்ற ஆண்டு முதலிபாளையம் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். கையில் ஐந்து வயது மகன். சிட்கோ தொழிற்பேட்டையில் ஓவர்லாக் டெய்லர். அதற்குப் பிறகு எந்த வம்புக்கும் போனதில்லை. “அன்னைக்கு டி.சி. கொடுக்காம இருந்திருந்தா பத்தாவது முடிச்சிருப்பேன் டீச்சர்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

அவர் விதிவிலக்கல்லர். குற்றச்செயல்கள் பதின்பருவத்தில் கூடி, இருபதுகளில் குறைவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. நியூசிலாந்துக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்த ஆய்வில் பங்கேற்ற உளவியலாளர் டெரி மாஃபிட், 1993இல் இரு வகையினரைப் பிரித்துக் காட்டினார். பெரும்பாலோர் பதின்பருவத்தில் மட்டும் தவறுபவர்கள். சிறுவயதிலேயே தொடங்கி நெடுங்காலம் தொடர்பவர்கள் மிகச் சிலரே. உடல் வளர்ந்தும் பெரியவர்களுக்கான மதிப்பு கிடைக்காத இடைவெளியே முதல் வகையினரைத் தூண்டுகிறது என்றார். பனியன் கம்பெனிக்குப் போகும் தன் வயதுப் பையன் கைப்பேசியும் வண்டியுமாக வருவதைப் பார்க்கும் நம் மாணவனுக்கு அந்த இடைவெளி நன்றாகவே தெரியும்.

சிறுவயதில் தொடங்கியவர்களையும் கைவிட வேண்டியதில்லை. சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த பாஸ்டன் நகரச் சிறுவர்கள் 500 பேரை 1940களில் குளூக் தம்பதியர் ஆராய்ந்தனர். அவர்களில் பலரின் வாழ்க்கையை 70 வயது வரை தொடர்ந்து பார்த்தவர்கள் சாம்ப்சனும் லாபும். நிலையான வேலையும் நல்ல இல்லறமும் பலரைத் திருப்பியிருந்தன. யார் திருந்துவார், யார் திருந்தமாட்டார் என்று குழந்தைப்பருவத்தை வைத்துக் கணிக்க முடியவில்லை.

சட்டமும் இதை ஏற்கிறது. சென்னை மாகாணம் 1920லேயே சிறாருக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் ‘புதிய தொடக்கம்’ என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது.

வகுப்பறையில் நான் இப்போது கடைப்பிடிப்பவை:

1. தவறைக் கண்டிப்பேன், ‘திருடன்’ என்று பெயர் வைக்கமாட்டேன். இழப்பை அவனே ஈடுசெய்ய வழி தேடுவேன்.

2. யாருடன் சேர்ந்து செய்தான் என்று விசாரிப்பேன். இந்த வயதுத் தவறுகள் பெரும்பாலும் கூட்டாளிகளோடு நடப்பவை.

3. பெற்றோரை வேலைநாளில் வரச்சொல்லி ஒருநாள் கூலியை இழக்க வைக்காமல், ஞாயிறன்று வீட்டுக்கே போய்ப் பேசுவேன்.

4. தொடக்க வகுப்பிலேயே ஒரு குழந்தை திரும்பத் திரும்பப் பிறரைத் துன்புறுத்தினால், வளரட்டும் என்று காத்திராமல் ஆலோசகரின் உதவியை நாடுவேன். வீட்டில் ஆபத்து தெரிந்தால் 1098.

5. மாற்றுச் சான்றிதழைத் தண்டனையாகப் பரிந்துரைக்கமாட்டேன்.

பதினைந்து வயதின் வேகம் தானே தணியக்கூடும். நாம் நிறுத்திய படிப்பு தானே திரும்பி வராது.