மூன்று நிமிட ஓட்டம்... அழுகை நின்ற கதை!

லண்டனில் ஓர் இருட்டுச் சந்து. பழைய லெகின்ஸும் டி-ஷர்ட்டுமாக ஒரு பெண் அங்கே வந்து நிற்கிறார். யாரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஓட ஆரம்பித்த சில விநாடிகளிலேயே மூச்சு முட்டியது. கெண்டைக்கால் இரண்டும் வலித்தன. ஓடுவதும் நிற்பதுமாக மொத்தம் மூன்று நிமிடங்கள். அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் பெயர் பெல்லா மேக்கி. இங்கிலாந்துப் பத்திரிகையாளர். திருமணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை, அதற்குள் கணவர் பிரிந்து போய்விட்டார். சின்ன வயதிலிருந்தே காரணமில்லாத பயமும் படபடப்பும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தன. கூட்டமான இடங்கள் என்றால் ஒதுங்கிவிடுவார். உடற்பயிற்சிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

அப்படிப்பட்டவர் ஏன் திடீரென்று ஓடினார்? எதையாவது செய்தாக வேண்டும், படுத்தே கிடக்க முடியாது என்ற தவிப்புதான். ஆனால், வீட்டுக்கு வந்தபோது ஒன்றைக் கவனித்தார். ஓடிய அந்தக் கொஞ்ச நேரம் அழத் தோன்றவில்லை. நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தவருக்கு அது சின்ன விஷயமில்லை. மறுபடியும் அதே சந்துக்குப் போனார்.

சந்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருக்குள்ளும் அவரது ஓட்டம் நீண்டது. பயந்து ஒதுக்கியிருந்த நெரிசலான பகுதிகளைக்கூட ஓடிக் கடந்தார். அந்த அனுபவத்தை 2018-ல் ‘ஜாக் ஆன்’ என்ற புத்தகமாக எழுதினார். ஆங்கிலேயர்களின் பேச்சுவழக்கில் இதற்கு ‘போய் உன் வேலையைப் பார்’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு. யாரைப் பார்த்துச் சொன்னாரோ!

ஓடினால் மனசு ஏன் லேசாகிறது? ‘எண்டார்ஃபின் சுரக்கிறது’ என்று பலரும் சொல்லக் கேட்டிருப்போம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தத்தில் ஏறும் எண்டார்ஃபின் அவ்வளவு சுலபமாக மூளைக்குள் நுழையாது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை விடுவதில்லை. 2021-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், எண்டார்ஃபின் வேலை செய்யாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்துச் சிலரை ஓடவைத்தார்கள். அப்போதும் ஓடி முடித்ததும் அவர்களுக்கு உற்சாகம் வந்தது, பதற்றம் குறைந்தது.

அப்படியென்றால், காரணம் வேறு ஏதோ ஒன்று. விஞ்ஞானிகளின் சந்தேகம் இப்போது நம் உடலே தயாரிக்கும் வேறொரு வகை ரசாயனங்களின் மேல்தான் அதிகம். அவற்றில் முக்கியமானதன் பெயர் அனந்தமைடு. பெயரைக் கேட்டதும் ஏதோ தோன்றுகிறதல்லவா? சரிதான், நாம் சொல்லும் அதே ‘ஆனந்தம்’தான். 1992-ல் ஜெருசலேமில் இதைக் கண்டுபிடித்த குழு, சம்ஸ்கிருதச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை வைத்தது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால், மூளைக்குள் போக இதற்குச் சிரமமில்லை.

அமெரிக்காவின் டேவிட் ராய்க்லன் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரஸ்யமானது. மனிதர்களையும் நாய்களையும், கீரி போலிருக்கும் ஃபெரெட் என்ற பிராணிகளையும் டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். மனிதர்களுக்கும் நாய்களுக்கும் அனந்தமைடு கூடியது. ஃபெரெட்டுகளுக்குக் கூடவில்லை. காலம் காலமாக நெடுந்தூரம் ஓடிப் பிழைத்த இனங்களுக்கு மட்டும் இயற்கை கொடுத்த சம்பளம் இது என்பது அவர்கள் ஊகம். இன்னொரு ஆய்வில், மிதமாக ஓடியபோதுதான் அது நன்றாகக் கூடியது. மெதுவாக நடந்தபோதும் கூடவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓடியபோதும் கூடவில்லை.

பலரும் தோற்றுப்போகும் இடம் இதுதான். முதல் நாளே பஸ்ஸைப் பிடிக்கிற வேகத்தில் ஓடுகிறார்கள். நாக்குத் தள்ளுகிறது. ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று ஷூவைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

ஜாஷ் கிளார்க்கும் ஓட்டத்தை அப்படித்தான் வெறுத்தார். பாஸ்டனைச் சேர்ந்த இளைஞர். 1996-ல் காதல் முறிந்த சோகத்தில் ஓடத் தொடங்கினார். ஆரம்ப நாள்கள் நரகம். ஆனால், ஒருகட்டத்தில் வெறுப்பு போய், மனசு தெளிவாவதை உணர்ந்தார். அந்த நரகத்தைத் தாண்டாமலே இந்த இடத்துக்கு வர வழியில்லையா என்று யோசித்தார். ஐம்பதைக் கடந்த தன் அம்மாவை மனதில் வைத்து ஓர் அட்டவணை போட்டார். ‘கவுச் டு 5கே’, அதாவது சோபாவிலிருந்து எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுவது. பிரிட்டனின் அரசு சுகாதாரத் துறை பின்னாளில் இதை மொபைல் ஆப்பாகவே கொண்டுவந்தது.

வாரம் மூன்று நாள், மொத்தம் ஒன்பது வாரம். முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வேகநடை, அப்புறம் 60 விநாடி மெது ஓட்டம், 90 விநாடி நடை என மாறி மாறி 20 நிமிடம். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். அது தோன்ற வேண்டும் என்பதுதான் திட்டமே. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிந்தால் வேகம் சரி. பேச்சு திக்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இதயக் கோளாறு, மூட்டுவலி உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள், ஓட ஆரம்பித்துவிட்டோம் என்று அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. மேக்கியும் ஓட்டத்தைச் சர்வரோக நிவாரணி என்று சொல்லவில்லை. சோகம் வரும், பதற்றமும் வரும். ஆனால், அவை வந்தால் என்ன செய்வது என்று இப்போது அவருக்குத் தெரியும்.

அந்த அட்டவணையில் எல்லோரும் பயப்படுவது ஐந்தாவது வாரத்தின் மூன்றாம் நாளுக்கு. அதுவரை ஒரே மூச்சில் ஓடியது அதிகபட்சம் 8 நிமிடம்தான். அன்றைக்கு நிற்காமல் 20 நிமிடம் ஓட வேண்டும். முந்தைய நாள் இரவே வயிற்றைக் கலக்கும். மறுநாள் பலரும் ஓடி முடித்துவிட்டு, கடிகாரத்தை இரண்டாம் முறை பார்த்து உறுதிசெய்துகொள்கிறார்கள்.